பிக்கப் வண்டியின் எஞ்சினுக்குச் சுத்தமான காற்று

திருநின்றவூரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த விவசாயிகள் கீரை, கறிகாய், மலர் முதலிய விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுபோக, முற்காலத்து மாட்டு வண்டிக்குப் பதிலாக இப்பொழுது டீஸல் பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். பொழுது புலருமுன் கோயம்பேடு சேரவேண்டிய சரக்கு வழியில் நின்றுவிடுமாயின், ஒரு நாளைய விளைவு முழுவதும் விலையிழந்து போகும். வண்டிக்கு டீஸலும் எண்ணெயும் தவறாமல் இடுவோர் பலர். அது உட்கொள்ளும் காற்றைக் கவனிப்போர் சிலரே. எஞ்சின் சீக்கிரத்தில் தேய்ந்து, பெருஞ்செலவு நேருவதற்கு இவ்வசிரத்தை ஒரு முக்கிய காரணமாகும்.

எஞ்சின் உட்கொள்ளும் காற்றின் அளவு

ஒரு லிட்டர் டீஸல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். நிமிஷத்திற்கு 2,000 சுற்று ஓடும் 2.5 லிட்டர் எஞ்சின், ஒவ்வொரு நிமிஷத்திலும் சுமார் 2,500 லிட்டர் காற்றை இழுக்கின்றது. ஒரு மணி நேரத்தில் இது 1,50,000 லிட்டராகும். டர்போ பொருத்திய எஞ்சின் இதனினும் அதிகம் இழுக்கும். இக்காற்றில் கலந்துள்ள தூசி சிறிதேயாயினும், நாள்தோறும் சேருமிடத்து அது பெருந்தொகையாய் விடுகின்றது.

தூசியால் விளையும் கெடுதி

திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் செல்லும் சாலை, நெமிலிச்சேரியருகே செல்லும் வெளிவட்டச் சாலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் சாலைகள் ஆகியவற்றில் மண்ணும் செங்கல்லும் ஏற்றிய லாரிகள் ஓடுவதுண்டு. வயலோரத்து மண்பாதையிலோ கோடையில் புழுதிக்குக் குறைவில்லை. இப்புழுதியிலுள்ள மணற்சத்து இரும்பினும் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் பெருந்துகள்களைவிட, 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களே மிகக் கொடியவை. தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதைக் கொண்டு இவற்றின் நுண்மையை அறியலாம். இவை பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்துட் புகுந்து, உப்புத்தாளைப்போல் இரண்டையும் தேய்த்துவிடுகின்றன. பின்னர் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், நீலப்புகை கக்கும், இழுவை குன்றும். முடிவில் போரிங் வேலை செய்தாலன்றி வண்டி ஓடாது.

கடைகளில் விற்கும் திறந்த வடிகட்டிகள்

வண்டியின் பலம் கூடுமென்று சொல்லி, எண்ணெய் தோய்த்த பருத்தி வலையாலான கூம்பு வடிவ வடிகட்டிகளைச் சிலர் விற்கின்றனர். கம்பெனி பொருத்திய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, இதனை எஞ்சின் மூடியின் கீழ்த் திறந்தபடி மாட்டுவது வழக்கம். இதனைச் செய்யுமுன் மூன்று விஷயங்களை ஆலோசித்தல் நலம்.

முதலாவது, டீஸல் எஞ்சினின் பலம் அதனுள் தெளிக்கப்படும் டீஸலின் அளவைப் பொறுத்தது. பெட்டியும் வடிகட்டியும் செவ்வையாயிருக்கும்பொழுது, காற்றின் வழியை மட்டும் அகலமாக்குவதனால் சொல்லத்தக்க லாபம் இல்லை. இரண்டாவது, எஞ்சினருகே காற்று சூடாயிருக்கும். உஷ்ணம் 3 டிகிரி உயர்ந்தால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகின்றது. 30 டிகிரி உயருமாயின் நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்று குறைந்துபோம். பலம் கூட்ட வாங்கிய பொருளே பலத்தைக் குறைத்ததாய் முடியும். மூன்றாவது, நுண்தூசியைத் தடுப்பதில் மடித்த காகித வடிகட்டிக்கு இவ்வலை பொதுவாக ஈடாகாது. அன்றியும், 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் காற்றை அளக்கும் மெல்லிய கருவிமீது இவ்வெண்ணெய் படிந்தால், அது தவறான கணக்குக் கொடுக்கும்.

உண்மையான அபிவிருத்தி

காற்றின் வழியைச் சீர்ப்படுத்த விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைச் செய்வாராக.

1. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். புழுதி ஒட்டுமாயின் எங்கோ சந்து உண்டென்று அறிக. வெடித்த குழாயை மாற்றி, தளர்ந்த கிளிப்புகளை இறுக்கவேண்டும். மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது இதுவே.

2. காகித வடிகட்டியினுள் டார்ச் விளக்கைப் பிடித்து, இருட்டில் சுற்றிப் பார்க்கவேண்டும். ஒளிப்புள்ளி தெரிந்தால் காகிதம் துளைபட்டதென்று கொண்டு உடனே மாற்றுக. ஓரத்து ரப்பர் நசுங்கியிருப்பினும் அங்ஙனமே செய்க.

3. வடிகட்டியை டயரில் தட்டுவதும், பஞ்சர்க் கடைக் காற்றை அருகில் வைத்து வேகமாய் ஊதுவதும் காகிதத்தைக் கிழிக்கும், கழுவுவதும் கூடாது. அடிக்கடி பெட்டியைத் திறத்தலும் தவறு. திறக்குந்தோறும் புழுதி உள்ளே விழுகின்றது. அடைப்பைக் காட்டும் குறியளவி இருப்பின் அது சிவப்பு காட்டும்போதும், இல்லாதவிடத்துக் கைப்புத்தகத்தில் புழுதிப் பிரதேசங்களுக்குக் குறித்த தூரத்திலும் மாற்றினால் போதும்.

4. பெட்டியின் அடியில் ரப்பர் வாய் இருப்பின், வாரம் ஒருமுறை அதனை அமுக்கி, சேர்ந்த புழுதியை வெளியேற்றவேண்டும்.

5. ஓயாமல் மண்பாதையில் ஓடும் வண்டிக்கு, காற்றைச் சுழற்றிப் பெருந்தூசியை முன்னரே பிரிக்கும் சாதனத்தை, அவ்வெஞ்சினுக்கு ஏற்ற அளவில், வடிகட்டிக்கு முன்னால் பொருத்தலாம். வடிகட்டி நெடுநாள் உழைக்க இது உதவும். உத்தரவாதக் காலத்தில் கம்பெனிப் பட்டறையைக் கேட்டே செய்தல் வேண்டும்.

பழைய டிராக்டர்களில் காணப்படும் எண்ணெய்த் தொட்டி வடிகட்டிகளுக்கும் இதே கவனம் வேண்டும். தொட்டியில் எண்ணெய் குறியளவு இருக்கவேண்டும். சேறு தடித்தவுடன் கழுவிப் புது எண்ணெய் இடவேண்டும்.

மழைக்காலத்து எச்சரிக்கை

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பிச் சாலைகள் நீரில் மூழ்குவதைத் திருவள்ளூர் ஜில்லாவினர் அறிவர். 2015 டிசம்பர் வெள்ளம் மறக்கத்தக்கதன்று. காற்றுக் குழாயின் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறினால், எஞ்சின் காற்றோடு நீரையும் இழுத்துவிடும். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. ஆகையால் பிஸ்டன் மேலேறும்போது தடைபட்டு, அதனைத் தாங்கும் தண்டு வளைந்து ஒடியும். தம் வண்டியின் குழாய்வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்திலுள்ளது என்பதை ஒவ்வொருவரும் அளந்து வைத்திருத்தல் அவசியம். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல், இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

கிராம அதிகாரிகள் விவசாயிகளின் கூட்டங்களில் இவ்விஷயங்களை எடுத்துரைப்பாராயின் பலரும் பயனடைவர். வடிகட்டியின் விலை அற்பம். எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவோ ஒரு போகத்து லாபத்தை விழுங்கவல்லது. காற்றுவழியைச் சுத்தமாகவும் சந்தின்றியும் காப்பவரின் வண்டி நெடுங்காலம் உழைக்கும் என்பது திண்ணம்.