ரத்தத்தில் வந்ததா, ராப்பகலாய் வந்ததா?

டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பாட்டு கேட்போம். கறுப்பின அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் சிகாகோவில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான். முதலில் டிரம்பெட் மட்டும், துணைக்கு யாருமில்லாமல் சரசரவென்று ஏறி இறங்குகிறது. பிறகே மற்ற வாத்தியங்கள் சேர்கின்றன.

இசை வகுப்பில் இதைப் போட்டால் ஒரு மாணவராவது சொல்வார்: "கறுப்பர்களுக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கு சார்." பாராட்டு மாதிரிதான் தெரிகிறது. ஜாஸ் பற்றி எல்லோருக்கும் உள்ள தப்பெண்ணமும் இதுதான். ரத்தத்தில் இருந்தால் யாரும் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டாம். கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவர் இருந்திருக்கவும் வேண்டாம்.

ஆம்ஸ்ட்ராங்குக்கு வாத்தியார் இருந்தார். 1913 புத்தாண்டு பிறக்கும் இரவில் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காக, பதினொரு வயதுப் பையனைச் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கே பேண்டு நடத்திய பீட்டர் டேவிஸ் உடனே அவன் கையில் கார்னெட்டைக் கொடுத்துவிடவில்லை. முதலில் டாம்பரின், நம் கஞ்சிராவுக்குத் தூரத்து உறவு. அப்புறம் டிரம். டிரம்பெட்டின் குட்டித் தம்பியான கார்னெட் கடைசியில்தான் வந்தது. பின்னாளில் மிசிசிப்பி நீராவிக் கப்பல்களில் ஃபேட் மராபிளின் குழுவில் சேர்ந்து, நோட்டு பார்த்து வாசிப்பதிலும் தேறினார்.

அதே நியூ ஆர்லியன்ஸில் கிரியோல்கள் என்று ஒரு வகுப்பார் இருந்தார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவர்கள். அவர்களில் லோரென்சோ டியோ என்ற கிளாரினெட் ஆசிரியரிடம் படித்தவர்களில் சிட்னி பெஷே, பார்னி பிகார்ட் இருவரும் உண்டு. 1890இல் அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலம், ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. ஹோமர் பிளெசி என்ற கிரியோல் செருப்புத் தொழிலாளி 1892இல் வேண்டுமென்றே அந்தப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1896இல் தோற்றது. பிரிக்கும் சட்டத்துக்குக் கிரியோலும் கறுப்பர்தான். நோட்டு படித்த கிரியோல்களும், புளூஸ் என்ற கறுப்பர் இசையைக் காதால் கேட்டே வாசித்தவர்களும் மேலும் மேலும் ஒரே மேடைக்கு வந்தார்கள். ஜாஸ் பிறந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சொல்லாமல் ஜாஸ் பாடம் நடத்த முடியாது. முதல் ஜாஸ் ரெக்கார்டு 1917இல் வந்தபோது வாசித்த ஐவரும் வெள்ளையர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, என்னதான் கற்றார்கள்? விரலை நீட்டுங்கள். நான்கு தட்டு ஒரு கட்டம். புளூஸில் பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. நம் ஆவர்த்தனம் போல இது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ஒரு 'கார்டு', அதாவது சில ஸ்வரங்களை ஒன்றாய் அழுத்தி எழுப்பும் ஒலி. முதல் நான்கு கட்டமும் பெரும்பாலும் ஆதார ஸ்வரத்து வீட்டிலேயே. ஐந்தாவதில் மத்யமத்து வீட்டுக்குக் குடிபோகும். ஒன்பதாவதில் பஞ்சமத்து வீடு, பிறகு திரும்பி வருகை. கலைஞர் கற்பனையில் எங்கே திரிந்தாலும், எந்தக் கட்டத்தில் எந்த வீடு என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எடுப்பை மறப்பாரா?

இப்போது அதே பாட்டின் கடைசிச் சுற்றுக்கு வருவோம். டீ ஆறினால் ஆறட்டும், தட்டிக்கொண்டே கேளுங்கள். ஆம்ஸ்ட்ராங் மேல் பஞ்சமத்தைப் பிடிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. விடவில்லை. கீழே பியானோவும் மற்றவையும் நகர்கின்றன. அவர் அந்த ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார். நான்காவது கட்டம் முடியப்போகும்போதுதான் விட்டு இறங்குகிறார். ஐந்தாவது கட்டத்தில் வீடு மாறப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.