மலையேறிய மரிக்கார்

பதுளையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான். ஆனாலும் ஊவாவின் சரித்திரத்தைப் புரட்டினால் ‘மரிக்கார்’ என்ற கடற்பெயர் எதிரே வந்து நிற்கும். அது எப்படி மலையேறியது?

மரக்கலம் என்பதே இப்பெயரின் வேர் என்பர் பலர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல் என்பாரும் உளர். கீழக்கரையில் மரைக்காயர், மலபாரில் மரக்கார், நம்மிடம் மரிக்கார். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர்தான். போர்த்துக்கேயரோடு கடலில் பொருதிய குஞ்ஞாலி மரக்கார்களில் நான்காமவர் 1600 இல் கோவாவில் கொல்லப்பட்டார். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்டவர்களிலும் அவர் ஒருவர். 1956 இல் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தார் சி.ஏ.எஸ். மரிக்கார். கிழக்கிலோ இது பதவியின் பெயர்: பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் சார்பில் இருப்பவர் மரைக்கார்.

கண்டி இராச்சியத்தில் வண்டிப் பாதை இல்லாத காலம். உப்பும் கருவாடும் மேலே வந்ததும் பாக்கு கீழே போனதும் பொதிமாட்டில்தான். அந்தத் தவளத் தொழிலில் நம்மவர் பலர் இருந்தார்கள். கடலில் மரக்கலம், மலையில் மாடு, தொழில் ஒன்றுதான். தேயிலைத் தோட்டங்களும் 1924 இல் பதுளைக்கு வந்த ரயிலும் தோட்டத்துச் சனம் சொல்லும் ‘நானா கடை’யும் பிந்தியவை.

வெல்லஸ்ஸயில் இந்தத் தவளப் பகுதிக்கு ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக்கியது ஆங்கில அரசு. அதனால் மில்லவ திசாவையின் அதிகாரம் குறைந்தது; மனக்கசப்பு மூண்டது. 1817 இல் கிளர்ச்சி வெடித்தபோது ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அங்கே போன பதுளை அதிகாரி வில்சனும் அம்புக்கு இரையானார்.

பாடப் புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு, “வாப்பா, அவர் நம்மட ஆளா? காட்டிக்கொடுத்தவரா?” என்று பிள்ளை கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை, மூடி மறைக்கவும் வேண்டாம். ஆங்கில அரசின் பதவியை அவர் ஏற்றது உண்மை. ஆனால் ஊரின் பழைய ஒழுங்கைக் குலைத்து, ஒரு சமூகத்தாரை மற்றவரின் அதிகாரத்துக்கு எதிரே நிறுத்தியது அந்த அரசு. மாட்டுத் தவளம் போன பாதையில் சிங்களவரும் முஸ்லிம்களும் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அதையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லுவோம்.

வள்ளலும் மாலுமியும் கட்டடக்காரரும் அமைச்சரும் சுமந்த பெயர் இது. ஒருவருடைய முடிவை வைத்து அதை எடைபோடுவது நியாயமில்லை.