ஒரு வாகனமும் இருபத்து மூன்று பேரும்

நமது ஊர்களில் தீயணைப்புப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாகனத்தோடு தொடங்கி வாகனத்தோடு முடிந்துவிடுகிறது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடை எரிந்தால், மறுநாளே “எங்கள் ஊருக்கும் ஒரு தீயணைப்பு வாகனம் வேண்டும்” என்ற கோரிக்கை எழும். வாகனம் கிடைப்பது உண்மையில் இலகுவான பகுதி. அது ஒருமுறைச் செலவு. நன்கொடையாகவும் வரலாம், மாலை போட்டு, படம் எடுத்து வரவேற்கலாம். ஆனால் அதில் ஏறிப் போகிறவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அதை எவரும் நன்கொடையாகத் தருவதில்லை.

சரி, எத்தனை பேர் வேண்டும்? எரியும் கட்டடத்துக்குள் எவரும் தனியே நுழையக் கூடாது. அமெரிக்காவில் இது விதியாகவே இருக்கிறது: இருவர் உள்ளே போனால், அவர்களை மீட்க ஆயத்தமாக இன்னும் இருவர் வெளியே நிற்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் பம்பியைக் கவனிக்க சாரதி ஒருவர். ஆக, ஒரு வாகனத்துக்கு ஐந்து பேர் என்பது ஆடம்பரமான எண் அல்ல.

தீ நேரம் பார்த்து வருவதில்லை. நோன்பு காலத்தில் சஹருக்காக அடுப்பு மூட்டும் நள்ளிரவு தாண்டிய பொழுதிலும் அந்த ஐந்து பேரும் நிலையத்தில் இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள். ஒருவர் வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 9 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 260 வேலை நாட்கள். 45 நாள் விடுமுறையைக் கழித்தால் 215 நாட்கள், அதாவது 1,935 மணித்தியாலங்கள். 8,760ஐ 1,935ஆல் வகுத்தால் நாலரைக்குச் சற்று மேல் வரும். ஓர் ஆசனத்தை இரவு பகலாக நிரப்ப நாலரைப் பேர் தேவை. ஐந்து ஆசனங்களுக்கு 23 பேர். இதில் நோயும் பயிற்சியும் போயா விடுமுறையும் சேரவில்லை.

ஒரு சபையில் 12 பேர்தான் இருக்கிறார்கள் என்றால்? அதே கணக்கின்படி எந்த நேரத்திலும் சராசரியாக மூவர்கூட நிலையத்தில் இருக்க முடியாது. தாமதமாக வந்தார்கள், பயந்து வெளியிலேயே நின்றார்கள் என்று தீக்குப் பிறகு நாம் குறை சொல்கிறோம். மூன்று பேர் வந்து என்னதான் செய்வது? அது அவர்களின் வீரத்தைப் பற்றிய கேள்வியே அல்ல.

இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளது. கொழும்பு, கண்டி போன்ற மாநகர சபைகள் தமக்கெனப் படைகளை வைத்திருக்கின்றன. சிறிய சபைகளின் கை அவ்வளவு நீளமில்லை. நிரந்தர ஊழியர் ஒருவரைப் புதிதாகச் சேர்க்க, முதலில் அந்தப் பதவி ஆளணியில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அனுமதி கொழும்பிலுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திலிருந்து வர வேண்டும். சபை தன் கையால் திரட்டும் வருமானம் சோலைவரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், கடை வாடகை போன்றவை. சோலைவரியோ பல இடங்களில் பழைய மதிப்பீட்டின்படியே அறவிடப்படுகிறது. ஓட்டு வீடு மூன்று மாடிக் கடையாகிவிட்டது. தீ பிடிக்கக்கூடிய பொருளும் மூன்று மடங்காகிவிட்டது. வரி மட்டும் ஓட்டு வீட்டுக்குரியது.

பணத்தைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வலேஹோ என்றொரு நகரம், சனத்தொகை சுமார் 120,000. அங்கிருந்த கடற்படைக் கப்பல் தளம் 1996இல் மூடப்பட்டது. பெரிய வருமானம் போனது. ஆனால் பொலிசுக்கும் தீயணைப்புக்குமான சம்பள ஒப்பந்தங்கள் நல்ல காலத்தை நம்பி எழுதப்பட்டிருந்தன. நகரின் பொது நிதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த இரண்டுக்கே போனது. ஆள் குறைந்தாலும் ஆசனம் நிரம்ப வேண்டும், அதனால் மேலதிக நேரக் கொடுப்பனவும் ஏறியது. 2008இல் வீட்டுச் சந்தை சரிந்தபோது நகரம் வங்குரோத்தானதாக நீதிமன்றத்தில் அறிவித்தது. சில தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 2011இல்தான் அதிலிருந்து மீண்டது. அதே ஆண்டில் விற்பனை வரியை ஒரு சதவீதம் கூட்டுவதற்கு மக்கள் தாமே வாக்களித்துச் சம்மதித்தார்கள், மிகச் சிறிய வித்தியாசத்தில்.

நமது நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே சம்பளம் நகரைத் தின்றது, இங்கே சம்பளத்துக்கு ஆளே இல்லை. ஆனாலும் சிறு நகரம் ஒன்று தனியே இந்தச் சுமையைத் தூக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது. என் எண்ணத்தில், அடுத்தடுத்துள்ள மூன்று நான்கு சபைகள் ஆளுக்கொரு வாகனம் கேட்பதை விட, செலவைப் பங்கிட்டு 23 பேருள்ள ஒரே நிலையத்தை நடத்துவது புத்திசாலித்தனம். தூரம்தான் அதன் எல்லை. 4,000 லீற்றர் தாங்கி நிமிடத்துக்கு 500 லீற்றர் வீதம் எட்டு நிமிடத்தில் காலியாகும். காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான கடைத்தெருக்களில் அந்த எட்டு நிமிடத்துக்குள் தண்ணீர் பவுசர் வந்து சேராவிட்டால் அடுத்த கடையும் போய்விடும். ஆகவே பங்கிடுவதும் பக்கத்து ஊர் வரைக்கும்தான்.

சபையின் வரவு செலவுத் திட்ட வரைவு, நிறைவேற்றப்படுவதற்கு முன்னர், ஆண்டு இறுதியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உங்கள் வாப்பாவோ உம்மாவோ சோலைவரி கட்டச் சபைக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தீயணைப்புப் பிரிவுக்கு நேரே இரண்டு எண்களைத் தேடுங்கள்: அனுமதிக்கப்பட்ட ஆளணி, தற்போதுள்ள ஆளணி. பிறகு அதை 23உடன் ஒப்பிடுங்கள்.