ராஜினாமாவுக்கு முன்னால்...

"வேலை உடம்பைக் கெடுக்குது, விட்டுடறேம்மா!" - கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டோடு வேலை பார்க்கும் மகள் போனில் புலம்பினால், "விட்டுடு கண்ணு" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே தானாக வேலையை விட்டால், பொதுவாக வேலையில்லாக் காலத்துக்கான அரசு உதவித்தொகை கிடையாது. தகுந்த காரணம் இருந்தால் உண்டு. உடல்நலமும் அப்படியொரு காரணம்தான்.

ஆனால், முதலில் வேலை மாற்றமோ, லீவோ கேட்டுப் பார்த்திருக்கணும். எழுத்தில் கேட்பது நல்லது. டாக்டர் சர்டிஃபிகேட்டும் கைவசம் இருக்கட்டும்.

சம்பாத்தியத்தைப் பொறுத்து வாரம் 40 முதல் 450 டாலர் வரை, அதிகபட்சம் 26 வாரம் கிடைக்கும். வேறு வேலை செய்யத் தெம்பும், தேடும் முயற்சியும் வேண்டும். எந்த வேலையுமே முடியாதா? அதற்கு டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ் தனியாக உண்டு.

மனுவைத் தள்ளிவிட்டாலும் சோர வேண்டாம். 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்!