கண்ணில் படாத ஜமக்காளம்

காவிரியும் பவானியும் கூடும் துறையில் அமைந்த பவானி நகரத்தின் ஜமக்காளத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் அரிது. முகூர்த்த வீட்டில் சம்பந்திகளை உட்கார வைப்பதற்கும், கச்சேரி மேடையில் வித்துவான்களுக்கு ஆசனமாவதற்கும், துக்கம் கேட்க வந்தவர்களை அமர்த்துவதற்கும் தலைமுறை தலைமுறையாக விரிக்கப்பட்டுவரும் அந்தத் தடித்த பருத்தி விரிப்புக்கு அரசாங்கமும் தன்னால் இயன்ற மரியாதைகளைச் செய்தே இருக்கிறது. 1985-ஆம் வருஷத்துச் சட்டம் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய ரகங்களின் ஜாபிதாவில் ஜமக்காளம் இடம்பெற்றிருக்கிறது. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை கீர்த்தி வாய்ந்த சரக்கை ஒருவர் இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்துவிட்டு, மறுநாள் தாமே வாங்க வந்தவரைப்போல 'விரிப்பு' என்று தேடிப் பார்ப்பாரானால், மில்லில் நெய்த துணிகளும் செயற்கை இழைக் கம்பளங்களும் முன்வரிசையில் நிற்க, தம்முடைய சரக்கு எத்தனையோ பக்கங்களுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு திகைத்துப்போவதற்கு இடமுண்டு.

இப்படி மனம் சோர்ந்தவர்களில் சிலர், சந்தை நடத்தும் பெரிய கம்பெனிகள் தமக்கு வேண்டியவர்களை முன்னே நிறுத்திச் சிறு வியாபாரியைப் பின்னுக்குத் தள்ளுகின்றன என்று குறைப்படுகிறார்கள். வேறு சிலர், விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டினாலொழிய இக்காலத்தில் எதுவும் விலைபோகாது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். முதல் குறை வெறும் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று. அத்தகைய புகாரின்மேல் அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகிய இரண்டைப் பற்றியும் விசாரிக்கும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆயினும், பெரும்பாலான சரக்குகள் மறைந்து கிடப்பதற்குக் காரணம் அதைக் காட்டிலும் சாமானியமானது. விற்பவர் தம் கையாலேயே நிவர்த்தி செய்துகொள்ளக் கூடியது.

வாயால் சொன்னது, எழுதாமல் விட்டது

கடைக்கு நேரில் வரும் ஒருவர் ஜமக்காளத்தை எடுத்த எடுப்பில் வாங்கிவிடுவதில்லை. முனையைத் தூக்கிக் கனம் பார்ப்பார். விரலால் நெருடிப் பார்ப்பார். திருப்பிப் போட்டு மறுபுறத்தையும் பார்ப்பார். பிறகுதான் பேச்சு தொடங்கும்.

"ஏனுங்க, சாயம் போகுங்களா?"

"மொத தடவை தனியா அலசிக்கோங்க; அப்புறம் பயமில்லீங்க."

"எத்தனை பேரு உட்காரலாமுங்க?"

"ஆறுக்கு ஒன்பதுங்க. பத்துப் பேரு தாராளமா உட்காரலாமுங்க."

இந்த நாலு வாக்கியத்தில் அளவு, உபயோகம், சலவை முறை, சாயத்தின் குணம் எல்லாம் அடங்கிவிட்டன. அதே வியாபாரி இணையச் சந்தையில் சரக்கை ஏற்றும்பொழுது, 'உயர்தர பாரம்பரிய அழகிய விரிப்பு' என்று ஒரு வரி எழுதி, ஒரு படத்தைப் போட்டு, விலையைக் குறித்துவிட்டு எழுந்துவிடுகிறார். கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்பது கடையில் பழகிய மனோபாவம். இணையத்தில் கேள்வி கேட்பதற்கென்று காத்திருப்பவர் வெகு சிலர். சந்தேகம் எழுந்த மாத்திரத்தில் அடுத்த சரக்குக்குப் போய்விடுகிறவர்களே அதிகம். ஆகையால், கடைக்காரர் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அத்தனையையும் கேட்பதற்கு முன்னதாகவே எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் மூலாதாரம். மற்ற யுக்திகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

தேடுவதும் வரிசைப்படுத்துவதும்

சந்தையின் தேடுபொறியைக் கண்டிப்பான கணக்குப்பிள்ளையாகப் பாவித்துக்கொள்வது விஷயத்தை விளங்கிக்கொள்ள உதவும். அவருக்குச் சரக்கின் நயம் தெரியாது. ஏட்டில் எழுதியிருப்பது மட்டுமே தெரியும். வாங்குபவர் ஒரு சொல்லைத் தட்டியதும், அவர் முதற்காரியமாக அந்தச் சொல்லுக்குப் பொருந்தும் சரக்குகளை ஏட்டிலிருந்து பொறுக்கி எடுக்கிறார். அதன்பின் அவற்றில் எது விற்பனையாகும் என்ற ஊகத்தின்பேரில் வரிசைப்படுத்துகிறார். பார்த்தவர்களில் எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள், திறந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், விலை ஏற்றதா, கையிருப்பு உண்டா, எத்தனை நாளில் போய்ச் சேரும், வாங்கினவர்கள் என்ன எழுதினார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் என்பனவெல்லாம் அந்த ஊகத்துக்கு ஆதாரங்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் ரகசியமாக இருந்துவிடக் கூடாது என்று 2020 ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. சரக்குகளையும் விற்பனையாளர்களையும் வரிசைப்படுத்துவதில் எந்தெந்த அம்சங்கள் முக்கியமானவை, அவற்றின் தாரதம்மியம் என்ன என்பதைச் சந்தை நடத்துவோர் எளிய மொழியில், எவரும் காணும்படி விளக்கி வைத்தல் வேண்டும். விற்கப் புகுகிறவர் முதலில் வாசிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

பொறுக்கி எடுக்கும் முதல் கட்டத்திலேயே அநேகச் சரக்குகள் உதிர்ந்துவிடுகின்றன. பண்டத்தை ஏற்றும் படிவத்தில் மூலப்பொருள், நீள அகலம், நிறம், நெசவு முறை, எந்த அறைக்கு உகந்தது என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கட்டாயமானவற்றை மட்டும் நிரப்பிவிட்டு மீதியை வெறுமையாக விடுவது பலருடைய வழக்கம். வாங்குபவரோ திரையின் ஓரத்தில் உள்ள ஃபில்டரில் 'பருத்தி' என்பதைத் தட்டுகிறார். அந்தக் கணமே, மூலப்பொருள் கட்டம் வெறுமையாய் உள்ள சரக்கு, அது நூற்றுக்கு நூறு பருத்தியே ஆனாலும், பட்டியலிலிருந்து விலகிவிட நேரும். தவறான பிரிவில் ஏற்றப்பட்ட சரக்கின் கதியும் அதுவே. ஜமக்காளத்தைக் கால்மிதியோடு சேர்த்து வைத்தால், கால்மிதி தேடுகிறவர் அதை வாங்கப்போவதில்லை, ஜமக்காளம் தேடுகிறவர் அங்கே வரப்போவதுமில்லை.

தலைப்பும் படமும்

தலைப்புக்கு அமேசான் பெரும்பாலான பண்டங்களில் 200 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது, எட்ஸி என்னும் இணையச் சந்தையில் 140, ஈபே என்னும் சந்தையில் 80. இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவது விவேகமாகாது. கைப்பேசியில் முதல் சில சொற்களே கண்ணில் படுமாதலால், பண்டத்தின் பெயர் முன்னேயும், விசேஷணங்கள் பின்னேயும் வருவது உசிதம். 'பவானி கைத்தறி ஜமக்காளம், பருத்தி, 6 அடி x 9 அடி, சிவப்பு பச்சைக் கோடு' என்ற தலைப்பில் 'அழகிய', 'சூப்பர்' என்ற சொற்கள் இல்லை. அவற்றைத் தேடுகிறவர் எவருமில்லையாகையால் நஷ்டமும் இல்லை.

ஒரே பண்டத்தை ஜனங்கள் பல பெயரால் தேடுகிறார்கள். ஜமக்காளம் என்று தமிழில் தட்டுகிறவர் உண்டு. அதையே ஆங்கில எழுத்தில், ஒற்றை 'க'கரமாகவும் இரட்டையாகவும் தட்டுகிறவர் உண்டு. வடக்கே உள்ளவர் தரீ என்பார். ஃபிளிப்கார்ட் 2020 ஜூனிலும், அமேசான் அதே ஆண்டு செப்டம்பரிலும் தமிழில் வியாபாரம் தொடங்கியிருப்பதால், தமிழ்ச் சொல்லை அலட்சியம் செய்வதற்கில்லை. தலைப்பில் அடங்காத இப்பெயர்களை வைப்பதற்கென்றே, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத தேடுசொல் கட்டம் ஒன்றை அமேசான் வைத்திருக்கிறது. அதற்கு 200, 250 பைட் என்ற வகையில் ஓர் எல்லையும் உண்டு. இங்கேதான் தமிழருக்கு ஒரு சங்கடம்: யூனிகோடை எழுதும் வழக்கமான முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்; தமிழிலோ மெய்ப்புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'ஜமக்காளம்' என்ற ஒரு சொல்லே 27 பைட்டை விழுங்கிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் அதுவே 10. ஆகவே, தலைப்பில் வந்த சொல்லை இங்கே திரும்ப எழுதாமலும், காற்புள்ளிகளுக்கு இடத்தை வீணடிக்காமலும், மிகுந்த சிக்கனத்தோடு இந்தக் கட்டத்தை நிரப்புதல் வேண்டும். எட்ஸியில் இந்த வேலையைச் செய்வன 13 குறிச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 20 எழுத்து எல்லை.

படத்தைப் பற்றியும் விதிகள் உண்டு. அமேசானில் முதற்படத்தின் பின்புலம் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். பண்டம் படச்சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். நீண்ட பக்கம் 1000 பிக்ஸலுக்குக் குறையாதிருந்தால்தான் வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க முடியும். முதற்படம் விதிக்காக, அடுத்து வரும் படங்களே விற்பனைக்காக. முனையை மடித்துக் கனத்தைக் காட்டும் படம் ஒன்று, மறுபுறத்தைக் காட்டுவது ஒன்று, கூடத்தில் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருப்பதால் அளவு விளங்கும்படியானது ஒன்று என்று அமைத்துவிட்டால், நேரில் வந்தவர் கையால் அறிந்துகொண்டதில் பெரும்பகுதியைத் தூரத்திலிருப்பவர் கண்ணால் அறிந்துகொள்வார். நிறத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். வாங்கினவர் திருப்பி அனுப்புவார். அந்த ரிட்டர்ன் கணக்கில் ஏறும். அடுத்த தேடலில் சரக்கு இன்னும் ஒரு படி கீழே இறங்கும்.

கனமும் கிரயமும்

விலையைப் பற்றிப் பேசும்பொழுது பலரும் மறந்துவிடுவது பார்சலின் கன அளவு. நம் நாட்டில் பல கூரியர்களும் சந்தைகளும், பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, அதையும் மெய்யான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு ஜமக்காளத்தைச் சுருட்டி, 185 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள சிப்பமாகக் கட்டினால், கணக்குக்கு 8 கிலோவுக்கு மேல் வரும். அதையே 46 சென்டிமீட்டர் சதுரமாக, 12 சென்டிமீட்டர் உயரத்தில் அழுத்தி மடித்தால் 5 கிலோ சொச்சத்தில் நின்றுவிடும். மிச்சமாகும் கட்டணத்தை விலையில் குறைக்கலாம். குறைந்த விலை ஆர்டரைக் கூட்டும். கூடின ஆர்டர் வரிசையில் உயர்த்தும். கட்டு கட்டும் பையனுடைய கைத்திறன் தேடல் பக்கத்தில் பிரதிபலிக்கும் விசித்திரம் இப்படித்தான் நிகழ்கிறது.

கையிருப்பும் இத்தன்மையதே. தறியில் நெய்து வரும் சரக்கு மாதம் முழுவதும் ஒரே சீராக வராது. இருப்பு தீர்ந்த சரக்கு வரிசையில் இறங்கிவிட்டால் மீண்டும் ஏறுவதற்குக் காலம் பிடிக்குமாகையால், பத்து டிசைன்களை ஒவ்வொன்றாக வைத்து அடிக்கடி தீரவிடுவதைக் காட்டிலும், மூன்று டிசைன்களைத் தடையின்றி வைத்திருப்பது சிலாக்கியம்.

விளம்பரமும் அபிப்பிராயமும்

சந்தைக்குள்ளேயே காசு கொடுத்து முன்வரிசையில் நிற்கும் வசதியும் உண்டு. குறிப்பிட்ட சொல்லை ஒருவர் தேடும்பொழுது தம் சரக்கைக் காட்டும்படி ஏலம் கேட்கலாம். அவர் தொட்டுத் திறந்தால் கட்டணம், வாங்கினாலும் வாங்காவிட்டாலும். ஒரு திறப்புக்கு 5 ரூபாய் என்றும், திறந்த இருபது பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 100 ரூபாய். விவரம் செவ்வையாக எழுதப்பட்டு, இருபதில் இருவர் வாங்கத் தொடங்கினால் அதே செலவு 50 ரூபாயாகிவிடும். விவரத்தைத் திருத்தாமல் விளம்பரத்தைக் கூட்டுவது, வந்தவர்கள் ஏமாந்து திரும்புவதற்குக் கூலி கொடுப்பதாகும்.

வாங்கினவர்கள் எழுதும் அபிப்பிராயத்தைக் காசு கொடுத்துத் தயாரிக்கும் துர்வழக்கமும் பரவியிருக்கிறது. விற்பவர் வாங்கினவரைப்போல வேஷமிட்டு அபிப்பிராயம் எழுதுவதை மேற்சொன்ன 2020 விதிகள் தடுக்கின்றன. 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 19000 என்ற தரமும் இணைய அபிப்பிராயங்களுக்கென்றே வெளியாயிற்று. கடுமையாக எழுதினவருக்கு நிதானமாகப் பதில் எழுதி, அவர் சுட்டிய குறையை விவரத்திலேயே சேர்த்துவிடுவது மேலான வழி. 'நினைத்ததைவிடத் தடிப்பாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால், தடிப்பை அளந்து குறிக்காத பிழை நம்முடையது என்றுதான் பொருள்.

பிசகு எங்கே?

பெரிய சந்தைகள் விற்பனையாளருக்குக் கொடுக்கும் கணக்கில் கவனிக்கத்தக்க எண்கள் நான்கே: எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திருப்பினார்கள். காட்டப்படவே இல்லையென்றால் பிசகு தலைப்பிலோ, பிரிவிலோ, வெறுமையான கட்டங்களிலோ இருக்கிறது. காட்டியும் திறக்கவில்லையென்றால் முதற்படத்தையும் விலையையும் பார்க்க வேண்டும். திறந்தும் வாங்கவில்லையென்றால் விவரம் போதவில்லை, அல்லது டெலிவரி தாமதம். வாங்கியும் திருப்பினார்களென்றால், எழுதியதும் அனுப்பியதும் ஒன்றாக இல்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரம் திருத்தி, இரண்டொரு வாரம் பொறுத்துப் பலனைப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமலே போய்விடும்.

சரக்கு மிடுக்கா, செட்டி மிடுக்கா என்று நம்மவர் கேட்பதுண்டு. புவிசார் குறியீடும் ஒதுக்கீட்டுச் சட்டமும் சரக்கின் மிடுக்குக்குச் சாட்சி சொல்லுமேயன்றி, அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படாத பக்கத்தைத் தேடல் வரிசையில் தூக்கி நிறுத்தமாட்டா. இணையத்தில் செட்டியின் மிடுக்கு சரக்கின் மிடுக்கைக் குறைவில்லாமல் எழுதிக் காட்டுவதில் அடங்கியிருக்கிறது. பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரிடம் இந்த வேலையையும் சுமத்துவது நியாயமன்று. கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றும், நெசவு தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் எழுதப் படிக்கவும் படமெடுக்கவும் வல்ல ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, சங்கத்தின் ஒவ்வொரு ரகத்துக்கும் அளவு, எடை, தடிப்பு, சாயம், சலவை முறை அத்தனையையும் ஒருமுறை செவ்வனே எழுதிவைக்கச் செய்யலாம். அந்த ஒரே விவரக் குறிப்பு எல்லாச் சந்தைகளுக்கும் பயன்படும். விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.