மொட்டைமாடி மழை கடலோரக் கிணற்றின் உப்பைத் தடுப்பது எப்படி?

அடையாறும் மயிலாப்பூரும் வங்கக் கடலை ஒட்டியிருந்தும், அங்குள்ள பல கிணறுகளில் நன்னீர் கிடைப்பது ஏன் என்று எண்ணியதுண்டா?

உப்புநீர் கனமானது, மழைநீர் இலேசானது. ஆதலால் குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல், மணலில் ஊறிய மழைநீர் நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதக்கிறது. எண்ணெயைப் போலன்றி இவ்விரண்டும் எல்லையில் சிறிது கலந்துவிடும் என்பது உண்மையே.

நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் எடை உப்புநீரை ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்குக் கீழே அழுத்தி வைக்கும். மோட்டார் வைத்து அளவின்றி இறைத்து அந்த ஓரடியை இழந்தால், உப்புநீர் காலப்போக்கில் அவ்வளவும் மேலேறக்கூடும்.

இழந்ததை ஈடுசெய்வது மாடி மழையே. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் சேரும். தூசி கலந்த முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் இறக்கலாம்.

தியாகராய நகரின் நிலை வேறு. பழைய மாம்பலம் ஏரிப் பரப்பில் 1920களில் உருவான அப்பகுதியில் களிமண் நீரை எளிதில் உள்ளே விடாது என்பதால், உறிஞ்சுகுழி அந்த அடுக்கைத் துளைத்து அடியிலுள்ள மணலை எட்ட வேண்டும். ஆழமற்ற குழி வீண்செலவே.

தமிழக அரசு 2003-இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், உங்கள் வீட்டு வடிகட்டித் தொட்டியின் மணலைக் கழுவி, மாடிக் குழாய்களில் அடைப்பு நீக்கி வையுங்கள்.