வீட்டு மொழி படிப்புக்குத் தடையா?

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைகளிலிருந்து வரும் இருப்புப் பாதைகள் கூடுகின்றன. அங்கே நடைமேடையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால், தமிழோடு தெலுங்கும் உருதும் நம் செவியில் விழும். ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவர் தமக்குள் பேசிக்கொள்வதோ வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடைய, தனக்கென எழுத்து இல்லாத மொழி அது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 88 பேர். எஞ்சிய பன்னிருவரின் வீடுகளில் வேறு மொழிகள் வழங்குகின்றன.

அதே கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. அன்று கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்திலோ ஏறத்தாழ 72. படிப்பில் பின்தங்கிய இடத்தில் பெற்றோர் கவலை கொள்வது இயல்பே. அக்கவலையில் பலர் ஒரு முடிவுக்கு வருகின்றனர்: "ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் உயர்ந்து விடுகிறார்கள். ஆகவே நாமும் வீட்டில் நம் பேச்சை விட்டுவிட்டு, தெரிந்த அளவு ஆங்கிலத்திலேயே பேசுவோம்."

இம்முடிவு சரிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும். அந்த வீடுகளில் ஆங்கிலம் மட்டுமா இருக்கிறது? படித்த பெற்றோர் இருக்கின்றனர், நூல்கள் இருக்கின்றன, பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்ல ஓய்வு இருக்கிறது. பிள்ளையை உயர்த்துபவை பெரிதும் இவையே. இவற்றை விட்டு மொழியை மட்டும் இரவல் வாங்கினால், பிள்ளைக்கு இரு மொழியும் அரைகுறையாகிவிடும்.

திண்டிவனத்தில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தவை "கம்", "ஈட்", "ஸ்லீப்" போன்ற சில கட்டளைகளே. தமிழிலோ அவரால் கதை சொல்ல முடியும்; காரணம் விளக்க முடியும்; பிள்ளையின் "ஏன்?" என்ற கேள்விக்கு ஈடுகொடுக்க முடியும். தமிழை விலக்கும்போது, பிள்ளை தன் முதல் ஆசிரியையையே இழக்கிறது.

மரக்காணத்து உப்பளத்தைப் பாருங்கள். உவர்நீரைப் பாத்தியில் தேக்குகின்றனர், வெயிலில் நீர் வற்றுகிறது, உப்பு பூக்கிறது. இதனைத் தந்தை தன் பேச்சிலேயே விளக்கியிருந்தால், பள்ளியில் "ஆவியாதல்" என்னும் பாடம் வரும்போது பிள்ளைக்குப் புதியது அச்சொல் மட்டுமே. பொருள் முன்பே தெரிந்தது. பின்னர் அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் எளிதில் கற்றுக்கொள்ளும். ஒரு மொழியில் புரிந்தது மறுமொழிக்கும் துணை செய்யும்.

வாசிப்பும் அவ்வாறே. எழுத்தைக் கூட்டி ஒலித்தவுடன், "இது எனக்குத் தெரிந்த சொல்" என்று குழந்தை மகிழ வேண்டும். தெரியாத சொல்லாயின் ஒலி மட்டுமே மிஞ்சும். திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில் நம் முன்னோர் பலர் பொருள் அறியாமலே மறுமொழி கூறினர். தாய்மொழி வழிபாட்டுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழி திறந்தது. வாக்ரிபோலி மட்டுமே அறிந்து முதல் வகுப்பில் நுழையும் குழந்தைக்கு இன்றும் அந்நிலையே. அது வாய் திறவாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு "மந்தம்" என்று முத்திரை குத்துவது பெரும் அநீதி. நரிக்குறவர் 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சான்றிதழ் மேற்படிப்புக்குக் கதவு திறக்கும். முதல் வகுப்பின் மௌனத்தைக் கலைக்க, அம்மொழியில் இரண்டு வார்த்தை பேசும் ஒருவர் வேண்டும்.

சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350-அ பிரிவு 1956 முதல் கூறுகிறது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதற்குப் பின், 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" மரக்காணம் அருகேதான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே மாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தன் தெருவின் பேச்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைக்கு அச்சம் ஏது?

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது வேண்டும், பள்ளியில் நன்றாகவே கற்கட்டும். ஆனால் வீட்டில், தமிழோ தெலுங்கோ உருதோ, உங்களுக்கு முழுமையாகத் தெரிந்த மொழியில் பேசுங்கள். இரவு உணவுக்குப் பின், "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை, தானும் இருமுறை கற்கிறது.

அண்டை வீட்டுப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு நம் பிள்ளை நகைத்தால், அன்றே திருத்துவோம். தன் தாயின் பேச்சுக்காக வெட்கப்படக் கற்றுக்கொண்ட குழந்தை, வகுப்பில் கை உயர்த்திக் கேள்வி கேட்கத் துணியுமா?